காலுக்கு வேலை கொடுங்கள்

தேனி மாவட்டத்துத் தேவாரம் ஊரில் எழுபதைத் தாண்டிய பெண்களின் கால்களைப் பார்த்தாலே அவர்கள் செய்த வேலை தெரிந்துவிடும். பாதம் அகன்று, விரல்கள் விரிந்து, குதிகால் வெடித்து, கெண்டைச்சதை இறுகிக் கிடக்கும். அவர்களில் பலர் சாக்குலூத்து மெட்டுப் பாதையில் நடந்தே மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போனவர்கள். பிறகு ஜீப் வந்தது. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக விடியுமுன் ஏறிப் பொழுதுசாய இறங்குகிற பிழைப்பு இன்றைக்கும் நடக்கிறது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில்தான் காய் பிடிக்கும். சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி, குனிந்தோ குத்தவைத்தோ நாள் முழுக்க எடுக்க வேண்டும். உடம்பு நிலைதடுமாறாமல் இருப்பதற்கு இதைவிடக் கடினமான பயிற்சி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அப்படிப்பட்ட கால்கள் எழுபத்தைந்து வயதில், சொந்த வீட்டில், அடுப்படியிலிருந்து கழிப்பறைக்குப் போகிற பத்தடி தூரத்தில் தடுமாறி விழுகின்றன.

நான் இயன்முறை சிகிச்சையாளர். ஊரில் ‘எக்ஸசைஸ் சொல்லிக் குடுக்குற பிள்ளை’ என்பார்கள். தேவாரத்திலும் அதைச் சுற்றியுள்ள மலையடிவார ஊர்களிலும் வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் முதலாவது இதுதான்: விழுவது வயதின் விதி அல்ல. மலையை விட்டு இறங்கிய பிறகு காலுக்கு வேலை இல்லாமல் போகிறது. வேலை இல்லாத கால் இளைக்கிறது. இளைத்த கால் விழுகிறது. வேலையைத் திரும்பக் கொடுத்தால் விழுவது குறையும். இதை நம்பிக்கைக்காகச் சொல்லவில்லை. அளந்து பார்த்து நிறுவப்பட்ட உண்மை இது.

வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை தருவது முன்பெல்லாம் வசதி உள்ளவர்களுக்கே கிடைத்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டபோது அந்த நிலை மாறத் தொடங்கியது. ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வந்தது. அதோடு வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை சிகிச்சையாளரும், படுத்த படுக்கையானவர்களைப் பார்க்க ஒரு நோய்த்தணிப்புச் செவிலியரும் வீடுகளுக்குப் போனார்கள். 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு விருது கிடைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். இன்று அதற்கும் அதிகம். அவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. வந்தாலும், அவர்கள் எங்கே விழுகிறார்கள் என்பதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவரால் பார்க்க முடியாது.

வீட்டுக்குப் போனால் பார்க்கலாம். நிலைப்படி எவ்வளவு உயரம், குளிக்கிற இடத்தில் பாசி பிடித்திருக்கிறதா, ராத்திரி எழுந்தால் சுவிட்ச் கைக்கு எட்டுமா, கட்டில் கயிறு தொய்ந்து கிடக்கிறதா, கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறதா கொல்லைக்குப் போக வேண்டுமா என்று எல்லாமே தெரியும். ஆடி மாதச் சாரலும் காற்றும் அடிக்கும் நாட்களில் கொல்லைக்குப் போகும் நாலு கல்படி எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

ஓர் அப்பத்தா வீட்டுக்கு நான் போனது, அவருக்குப் பிரஷர் பார்க்கப் போன சுகாதாரத் தன்னார்வலர் சொல்லித்தான். முழங்கையில் கருநீலமாகக் கன்றியிருந்தது. கேட்டதற்கு, “கதவு இடிச்சிருச்சு” என்றிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பேச உண்மை வந்தது. அந்த வருஷத்தில் அது மூன்றாவது விழுகை. யாரிடமும் சொல்லவில்லை. “சொன்னா வாசலைத் தாண்டி விடமாட்டாங்கெ தாயி. கோயிலுக்கும் போக முடியாது” என்றார். விழுந்ததை மறைப்பவர்களே இங்கே அதிகம். விழுந்ததைவிட, விழுந்தது தெரிந்தால் வீட்டுக்குள் அடைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்குப் பெரிது.

அவர் முப்பது வருஷத்துக்கு மேல் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். முட்டி வலி வந்து நின்றுவிட்டார். மகன் வீட்டை இடித்து டைல்ஸ் போட்டுக் கட்டியிருந்தார். மருமகள் தங்கமான பெண். தண்ணீர்க் குடத்தை எடுக்கப் போனால், “நீ உக்காரு அத்த, நான் பாத்துக்கிறேன்” என்பாள். துணி துவைக்கப் போனாலும் அதே பேச்சு. வாசல் கூட்டப் போனாலும் அதே பேச்சு. இரண்டு வருஷம் பாசத்தோடு உட்கார வைத்ததில் கை ஊன்றாமல் எழ முடியாத நிலைக்கு வந்துவிட்டார்.

“நான் ஏறாத மலையா தாயி? என்னையப் போயி நாற்காலியில உக்காந்து எந்திரிக்கச் சொல்ற?”

“எந்திரிங்க அப்பத்தா, பாப்போம். கையை மட்டும் நெஞ்சுல கட்டிக்கங்க.”

பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். ஒருமுறை முன்னால் சாய்ந்தார். இடுப்பு கொஞ்சம் கிளம்பி மறுபடி உட்கார்ந்துவிட்டது. மறுபடியும் முயன்றார். முடியவில்லை. தொடையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது என் காலு மாதிரியே இல்லையே” என்றார். மருமகள் கண் கலங்கி நின்றாள். அவள்மேல் குற்றம் எதுவும் இல்லை. மாமியாரை வேலை செய்ய விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல மருமகளுக்கு அழகு என்று ஊரே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

உடம்பின் கணக்கு வேறு. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. காய்ச்சலில் படுத்து எழுந்த தாத்தா ஏன் பழையபடி நடப்பதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. தசை கரையும்போது பலம் மட்டும் போவதில்லை, வேகமும் போகிறது. கால் இடறும்போது நம்மைக் காப்பாற்றுவது அடுத்த காலைச் சட்டென்று முன்னால் எடுத்துவைக்கிற வேகம்தான். அது தாமதமானால் தரைதான்.

அதனால் முதல் நாள் நான் பார்ப்பவை எளிய சோதனைகள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பேன். பன்னிரண்டு விநாடிக்கு மேல் போனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். பிறகு நிற்கச் சொல்வேன். முதலில் இரண்டு பாதமும் ஒட்டி. அடுத்து ஒரு பாதத்தைப் பாதி முன்னால் தள்ளி. அதற்கடுத்து ஒரு குதிகாலை மற்றப் பாதத்தின் விரலோடு ஒட்டி, ஒரே கோட்டில். கடைசியாக ஒற்றைக் காலில். ஒரே கோட்டில் பத்து விநாடி நிற்க முடியாதவர்களுக்குக் கட்டாயம் பயிற்சி வேண்டும். அப்போதெல்லாம் நான் கை எட்டும் தூரத்திலேயே நிற்பேன். வீட்டில் யாராவது சோதித்துப் பார்ப்பதானாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

வீட்டிலேயே செய்கிற பயிற்சியால் விழுவதைக் குறைக்க முடியும் என்று முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். டனீடன் நகரில் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கேம்ப்பெல், கிளேர் ராபர்ட்சன் குழுவினர், எண்பது வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்குப் போய்க் கால் பலத்துக்கும் நிலைப்புக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பும் பேச்சுத்துணையும் கிடைத்தன. ஒரு வருஷம் முடிந்தபோது பயிற்சி செய்தவர்கள் மொத்தம் 88 முறை விழுந்திருந்தார்கள். செய்யாதவர்கள் 152 முறை. 1997இல் வெளியான இந்த முடிவுகளை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். அதிலிருந்த ஒரு செய்தியின் அருமை வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. சிகிச்சையாளர் முதல் இரண்டு மாதத்தில் நான்கு தடவை மட்டுமே வீட்டுக்குப் போனார். பிறகு தொலைபேசியில் விசாரித்தார். எங்கள் மாதிரி ஒரு வட்டாரத்துக்கு ஒருவராக வேலை பார்ப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்! தினமும் போய்க் கையைப் பிடித்துச் செய்ய வைக்கத் தேவையில்லை. சரியாகச் சொல்லிக்கொடுத்து, அவ்வப்போது போய்ப் பார்த்துக் கடினத்தைக் கூட்டிவிட்டு வந்தால் போதும்.

அந்தப் பயிற்சியைத் தேவாரத்து வீட்டுக்குள் கொண்டுவரும்போது சாமான்கள்தான் மாறுகின்றன. அங்கே கணுக்காலில் கட்ட எடைப்பட்டை உண்டு. இங்கே பழைய வேட்டித் துணியில் இரண்டு பை தைத்து, ஆற்றுமணலை அரைக்கிலோ நிரப்பி, நாடா வைத்துக் கட்டுகிறோம். அப்பத்தாவுக்கு அந்தப் பையை அவர் மருமகளே தைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, மணல்பையைக் கட்டிக்கொண்டு, முழங்காலை நீட்டி மடக்குவது தொடையின் முன்தசைக்கு. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது இடுப்பின் பக்கத் தசைக்கு. ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும் நம்மைத் தாங்குவது அந்தத் தசைதான், நடக்கும்போது நாம் பெரும்பகுதி நேரம் ஒற்றைக் காலில்தானே இருக்கிறோம். குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்கு. விரல்களை உயர்த்திக் குதிகாலில் நிற்பது முன்காலுக்கு. இந்த முன்கால் தசை தளர்ந்தவர்கள்தான் பாதத்தை இழுத்து நடந்து, நிலைப்படியில் தட்டி விழுகிறார்கள்.

பிறகு நிலைப்புப் பயிற்சி. டைல்ஸ் இடைக்கோட்டின் மேல் ஒரு குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி ஒட்டி நடப்பது. சுவரோரமாகப் பக்கவாட்டில் நடப்பது. பின்னோக்கி நடப்பது. எட்டு என்ற எண் போட்டு அதன்மேல் சுற்றி வருவது. இவை எல்லாவற்றையும் விட நான் முக்கியமாக நினைப்பது நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதும்தான். எழ முடியாதவர்களுக்கு முதல் வாரம் நாற்காலியில் மடித்த போர்வை இரண்டைப் போட்டு உயர்த்திவிடுவேன். அந்த உயரத்திலிருந்து எழ வந்துவிட்டால் ஒரு போர்வையை எடுப்பேன். அதுவும் வந்தால் இரண்டாவதையும் எடுப்பேன். உட்காரும்போது தொப்பென்று விழாமல், ஐந்து எண்ணி மெல்ல உட்கார வேண்டும். மெல்ல இறங்குவதில்தான் தசை நன்றாக வளர்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அது தவறினால் எல்லாமே வீண். பயிற்சி கொஞ்சம் கடினமாக இருக்க வேண்டும். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்கக் குதிகாலை உயர்த்தினாலும் நிலைப்பு வராது. முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு பிடி இல்லாமல் கம்பி பக்கத்தில் இருந்தால் போதும் என்று ஏறிப்போக வேண்டும். லேசாக ஆடுகிறது, ஆனாலும் நின்றுவிட்டேன் என்கிற அந்த இடத்தில்தான் உடம்பு கற்றுக்கொள்கிறது. நான் நேரில் போவதன் பயன் அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதில் இருக்கிறது.

அப்பத்தாவுக்கு ஆறு மாதத்தில் தொடை பலம் கூடியது. கை ஊன்றாமல் தொடர்ந்து பத்து முறை எழுந்து உட்கார்ந்தார். மருமகளிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: அத்தைக்கு ஒரு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் வேலை அப்பத்தாவிடம் திரும்பிப் போனது. கோயிலுக்கும் போகிறார். அந்த வீட்டில் மாறியது அவர் கால் மட்டுமில்லை.

“டாக்டர் நடக்கச் சொன்னாரு, நான் தெனமும் நடக்கிறேனே” என்று பலர் சொல்வார்கள். நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது. விழாமல் இருப்பதற்கு அது மட்டும் போதாது. 2019இல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளில் இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட முதியவர்களைக் கணக்கில் எடுத்தது. உடற்பயிற்சியால் விழுவது ஏறத்தாழ 23 சதவீதம் குறைகிறது என்று அது முடிவு சொன்னது. அந்தப் பலனைத் தந்தவை நிலைப்பையும் அன்றாட அசைவுகளையும் பழக்குகிற பயிற்சிகள்தான். நடைப்பயிற்சியால் மட்டும் விழுவது குறைந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டலில், முதியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது நிலைப்பையும் பலத்தையும் சேர்த்துப் பழக வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பயிற்சி தொடங்காமலே, தடுமாறுகிறவரை வேகமாக நடக்கச் சொல்வது ஆபத்து. முதலில் கால் தாங்கட்டும், பிறகு நடை.

அரைமணி நேரம் ஒதுக்கி எக்ஸசைஸ் செய்யச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வெட்கம் வரும். “இந்த வயசுல என்ன தாயி, ஆட்டமா ஆடச் சொல்ற” என்பார்கள். அவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் லிண்டி கிளெம்சன் காட்டிய வழி கைகொடுத்தது. பயிற்சிக்கென்று தனி நேரம் வைக்காமல், வீட்டு வேலைக்குள்ளேயே பயிற்சியைப் பொதிந்துவிடுவது அவர் முறை. 2012இல் வெளியான அவருடைய ஆய்வில், எழுபது வயதைக் கடந்த முந்நூற்றுச் சொச்சம் பேரில், இந்த வழியில் பழகியவர்கள் 31 சதவீதம் குறைவாக விழுந்தார்கள்.

தேவாரத்தில் நான் சொல்லிக்கொடுப்பது இப்படி. பால் பொங்கும் வரை அடுப்புமேடையைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பல் தேய்க்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்காருங்கள். துணி காயப்போடும்போது ஒரு பாதத்தை முன்னும் ஒரு பாதத்தைப் பின்னும் வைத்து எட்டிப் போடுங்கள். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்குங்கள். வேலையோடு வேலையாக நடப்பதால் மறப்பதில்லை, வெட்கமும் இல்லை. ஒரு வீட்டில், “அப்பத்தா பால் காய்ச்சினா நமக்கும் சேத்து எக்ஸசைஸ் நடக்கும்” என்று பேத்தியும் கூட நின்று செய்வதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துபோனது.

ஆண்களிடம் சிக்கல் வேறு. மனைவியை இழந்து தனியாக இருந்த ஒரு தாத்தா, ராத்திரி கொல்லைக்குப் போகையில் விழுந்து, விடியும் வரை எழ முடியாமல் கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்கவே பயந்தார். பயந்து நடக்காமல் இருப்பதால் கால் இன்னும் இளைக்கும், இளைத்தால் இன்னும் விழுவார். அவரிடம் கால் பலத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று பட்டது. “அய்யா, விழுந்தா எப்பிடி எந்திரிக்கிறதுன்னு மொதல்ல பழகுவோம்” என்றேன். அவர் முகத்தில் அப்போதுதான் ஓர் ஆர்வம் வந்தது.

தரையில் பாய் விரித்து, அவர் பேரனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தோம். விழுந்தவுடன் பதறி எழக் கூடாது. எங்கேயாவது கடுமையாக வலிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இடுப்பிலோ தொடைச்சந்திலோ வலித்தாலோ, கால் திரும்பிக் கிடந்தாலோ அசையாமல் சத்தம் கொடுக்க வேண்டும். வலி இல்லையென்றால் ஒரு பக்கமாக ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, கையை ஊன்றி, மண்டியிட்டு நாலு காலில் வர வேண்டும். அப்படியே கட்டிலோ திண்ணையோ இருக்கும் இடத்துக்குத் தவழ்ந்து போக வேண்டும். அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி, பலமான காலின் பாதத்தை முன்னால் வைத்து எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும். எழ முடியாவிட்டால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கை காலை அசைத்தபடி, கைக்கு எட்டியதைத் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும். வெகுநேரம் அசையாமல் தரையில் கிடப்பது படுக்கைப்புண்ணையும் சிறுநீரகக் கோளாற்றையும் கொண்டுவரும்.

முதல் நாள் பேரன் தூக்கிவிட்டான். சில வாரங்களில் தானாகவே எழுந்து கட்டிலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மற்றப் பயிற்சிகளுக்கு அவரே தயாரானார். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று என்றார். முட்டி அனுமதிக்கிற அளவுக்குக் கால்வாசி மட்டும் மடக்கி, பின்னால் நாற்காலி போட்டு, முன்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடச் சொன்னேன். சாமிக்குச் செய்வதில் வெட்கம் ஏது! ஒரு நாளும் விடவில்லை.

பயிற்சி எல்லாவற்றையும் சரிசெய்யாது. அதையும் சொல்லியாக வேண்டும். படுத்திருந்து எழும்போது கண் இருட்டுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. படுத்தபடி ஒருமுறையும், எழுந்து நின்ற பிறகு ஒருமுறையும் பிரஷர் பார்த்தால் தெரிந்துவிடும். அவர்கள் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழ வேண்டும். பிரஷர் மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ தாங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் விழுந்த கதையைச் சொல்லி அளவை மாற்றச் சொல்ல வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குத் தரை தெரியாது. அவர்களுக்கு வெளிச்சமும், பின்பட்டை வைத்த செருப்பும் முக்கியம். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட வேண்டும். கண்புரை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. முதல் கண்ணுக்குச் சீக்கிரம் அறுவை செய்தவர்கள் குறைவாக விழுந்தார்கள் என்று பிரிட்டனில் 2005இல் ஓர் ஆய்வு வந்தது. நமக்குத் தேனியிலேயே 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பயிற்சியின்போது நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகச் செலவில்லாதவை. ராத்திரி எரிய ஒரு சின்ன பல்பு. குளியலறையில் உடம்பின் எடையைத் தாங்குகிற இரும்புப் பிடி. ஈரமானால் சொரசொரப்பாக நிற்கும் தரை. சுருண்டு கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுவது. எழ வசதியாக, உட்கார்ந்தால் முழங்கால் நேராக மடங்கும் உயரத்தில் கட்டில். தரையைத் தொடாத அளவுக்குச் சேலையும் வேட்டியும். தொடைச்சந்து எலும்பு முறிந்துவிட்டால் எண்ணெய்க்கட்டு உதவாது, பெரும்பாலும் அறுவைதான் வழி. அறுவைக்குப் பிறகும் முன்போல நடக்க முடியாமல் போகிறவர்கள் உண்டு. அந்த நாள் வராமல் பார்த்துக்கொள்ளவே இத்தனை பாடு.

தொடங்கியவர்கள் தொடர்வதுதான் கடினம். மலையில் காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் வீட்டில் இளையவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். விடியுமுன் ஜீப் ஏறிவிடுவார்கள். நினைவுபடுத்த ஆளில்லாமல் பெரியவர்கள் விட்டுவிடுவார்கள். பயிற்சியின் பலன் விட்டால் நிற்காது. அதனால் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்த்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் எதிர்வீட்டு அம்மாச்சியும் சாயங்காலம் ஒரே திண்ணையில் கூடுவார்கள். ஒருவர் செய்ய மற்றவர் பக்கத்தில் நிற்பார். ஒரு நாள் ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர் போய்க் கதவைத் தட்டுவார். விழுந்து கிடந்தால் உடனே தெரிந்துவிடும் என்பது இதிலுள்ள இன்னொரு நன்மை. நிலைப்புக்குச் சவால் தரும் பயிற்சி வாரத்தில் மூன்று மணி நேரம் அமைந்தால் பலன் கூடுதல் என்கிறார்கள். தினமும் அரைமணி திண்ணையில் கூடினால் அது வந்துவிடுகிறது.

எனக்கு இரண்டு ஆசைகள் உண்டு. பிரஷர் பார்க்க வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரும் பெரியவர்களிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: போன ஒரு வருஷத்தில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாறுகிறதா? விழுந்துவிடுவோமோ என்று கவலையாக இருக்கிறதா? 2022இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலில் உள்ள கேள்விகள் இவை. கேட்க ஒரு நிமிஷம் போதும். ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்குத் தகவல் வர வேண்டும். எலும்பு முறிந்த பிறகு வருகிற தகவல் எங்களுக்கு மிகவும் பிந்தியது.

இரண்டாவது ஆசை, இன்றைக்கு ஐம்பது வயதில் ஜீப் ஏறிக்கொண்டிருக்கும் பெண்களைப் பற்றியது. அவர்கள் மலை வேலையை விடுகிற நாள் சீக்கிரம் வரும். அன்றைக்கு வீட்டார் அவர்களை உட்கார வைப்பார்கள். இத்தனை வருஷம் சரிவில் குனிந்து உழைத்த இடுப்புக்கும் தோளுக்கும் ஓய்வு நியாயம்தான், அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த வாரமே நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். அம்மா எழும்போது உடனே கை நீட்டாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவராக எழட்டும். பத்து விநாடி கூடுதலாக ஆகும், ஆகட்டும்.